கெங்கம்மா எண்ணச் சொன்ன பிள்ளைகள்

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். தெற்கே நாசரேத்திலிருந்து மெட்ராஸுக்கு வந்து, ராயபுரம் கூட்ஸ் யார்டுக்குப் பின்னால் இருந்த சின்ன டிஸ்பென்சரியில் நர்ஸாகச் சேர்ந்த புதிதில், பாதிப் பேர் என் வாய்க்குப் பயந்தே மருந்து வாங்க வரமாட்டார்கள். பயப்படாத ஒருத்தி கெங்கம்மா. நான் கத்தினால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு முழுசாகக் கேட்பாள். கேட்டு முடித்ததும், "அவ்ளோதானா நர்சம்மா, இன்னும் எதுனா கீதா?" என்பாள். அவளைப் பற்றி நல்லவள் என்றும் சொல்வார்கள், பிள்ளைகளைக் கெடுத்தவள் என்றும் சொல்வார்கள். கூடவே இருந்து பார்த்தவள் நான். நடந்ததைச் சொல்கிறேன்.

அவளுக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். கறுத்து ஒல்லியாக இருப்பாள். முன்பல் இரண்டு கிடையாது. புருஷன் சின்னப்பையன் துறைமுகத்தில் நிலக்கரிக் கூடை சுமந்தவன். இடுப்புவலிக்கென்று அபின் தின்னப் பழகி, கடைசியில் அது இல்லாமல் பாயைவிட்டு எழுந்திருக்க முடியாதவனாகிப்போனான். அந்த நாளில் அப்படிப்பட்டவர்களுக்குச் சர்க்காரே பெர்மிட் கொடுத்தது. எங்கள் டாக்டர் ராமதாஸ் ஆளைப் பார்த்து, இவன் பழகிப்போனவன், திடீரென்று நிறுத்தினால் தாங்கமாட்டான் என்று எழுதிக் கொடுக்கவேண்டும். பெர்மிட்டைக் காட்டினால் லைசென்ஸ் கடையில் அளந்து கொடுப்பார்கள். அளவை வருஷா வருஷம் குறைத்துக்கொண்டே வந்து பத்து வருஷத்தில் அடியோடு ஒழித்துவிடுவது என்று டில்லியில் முடிவாகியிருந்தது. அந்த முடிவில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அபினால் சீரழிந்த ஆட்களை நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சின்னப்பையன் செத்த மாதமே கெங்கம்மா டாக்டர் முன்னால் வந்து நின்றாள். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் ஒழுகுகிறது, ஓயாமல் கொட்டாவி விடுகிறாள், கை நடுங்குகிறது.

"அவருகூட சேந்து எனுக்கும் பயகிப்போச்சி டாக்டரய்யா. இல்லாட்டி ஒடம்பு முறிக்கிது."

டாக்டர் நாடி பார்த்தார், கண்ணைப் பார்த்தார், எழுதிக் கொடுத்துவிட்டார். வெளியே வந்தவளைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏளா, பொம்பள அபின் திங்கலாமா? ஒனக்கு வெக்கமா இல்ல?"

"இல்ல நர்சம்மா," என்றாள். கொட்டாவி நின்றுபோயிருந்தது. நான்தான் கவனிக்கவில்லை.

அவள் குடிசை கூட்ஸ் யார்டின் வேலியை ஒட்டி இருந்தது. சுற்றியிருந்த பெண்களெல்லாம் துறைமுகத்துக் குடோன்களில் தானியம் புடைக்கவும், சிந்தினதைக் கூட்டி அள்ளவும், கிழிந்த கோணி தைக்கவும் போகிறவர்கள். காலைச் சங்குக்கு முன்னால் போனால் பொழுது சாயத்தான் திரும்புவார்கள். கைக்குழந்தைகளைக் கெங்கம்மாவிடம் விட்டுப் போவார்கள். நான் வாரம் ஒருமுறை குழந்தைகளைப் பார்க்கப் போவேன். குடிசை முழுக்கச் சேலைத் தூளி. ஏழெட்டுப் பிள்ளைகள், அத்தனையும் தூக்கம். ஒன்று சிணுங்கவேண்டுமே! இவள் கையில் என்ன ராசியோ என்று ஆரம்பத்தில் நானே மெச்சியிருக்கிறேன். ஆனால் தூக்கினால் பிள்ளைகளுக்குக் கனமே இல்லை. வயிறு கல்லு மாதிரி இருக்கும். மூன்று நாளைக்கு ஒருமுறை வெளிக்குப் போகும்.

ஒருநாள் சீக்கிரம் போய்விட்டேன். மலர்க்கொடி என்று ஒரு பெண், இருபது வயதுகூட இருக்காது, தன் மகன் துரையைக் கெங்கம்மா கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள். கெங்கம்மா ஒரு கிண்ணியிலிருந்த விளக்கெண்ணெயில் சுண்டுவிரலைத் தோய்த்துத் துரையின் வாயில் வைத்தாள். கிண்ணியைப் பிடுங்கி முகர்ந்தேன். டிஸ்பென்சரி அலமாரியில் இருக்கிற அதே வாடை.

"அடிப்பாவி! அபினையா பிள்ளைக்கு ஊட்டுத?"

"அபின் இல்ல நர்சம்மா, மருந்து," என்றாள் மலர்க்கொடி, சாதாரணமாக. "எனுக்கும் எங்க அம்மா குட்த்துதான் வளத்துது."

"நீ போ, சங்கு ஊதப்போவுது," என்று அவளை அனுப்பிவிட்டு, கெங்கம்மா என் எதிரில் குந்தினாள். நான் என்னவெல்லாம் பேசினேன் என்று எனக்கே நினைவில்லை. கொலைகாரி என்று சொன்னது நினைவிருக்கிறது. ஏமாற்றிப் பெர்மிட் வாங்கியது இதற்குத்தானா என்று கேட்டேன்.

"இதுக்குத்தான். அவுரு இருந்தவரிக்கும் அவுரு பங்குலேர்ந்து கிள்ளிக் குட்த்துகினு இருந்தேன். அவுரு பூட்டாரு. நான் இன்னா பண்ணட்டும்? நான் அத்த நாக்குல கூட வச்சதில்ல. கஸ்மாலம், கசப்பு."

"இதுகள கொஞ்சம் கொஞ்சமா கொல்லுதியே, ஒனக்கு ஈவு இரக்கம் கெடயாதா?"

அவள் துரையைத் தூளியில் போட்டுவிட்டு வந்துதான் பேசினாள்.

"எனுக்கும் ஒண்ணு இருந்துச்சி நர்சம்மா. பொட்டப்புள்ள. அப்ப நானும் கரி செமந்துகினு இருந்தேன். அதுக்கு மருந்து குடுக்காத, புள்ள மந்தமாவுதுன்னு அவுரு சொல்லிட்டாரு. குடுக்கல. கரிக் குவியல் ஓரத்துல கோணிய விரிச்சி வுட்டுட்டுப் போனேன். தவுந்துகினே தண்டவாளத்துக்குப் பூட்ச்சி. வேகன தள்ளிகினு வந்தவங்களுக்குத் தெரியல. எம் புள்ள முழிச்சிகினு இருந்துச்சி. அதான் செத்துச்சி."

ஆனாலும் டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"பெர்மிட்டை ரத்து பண்ணிடலாம் சிஸ்டர். அப்புறம் அந்தக் குழந்தைகளை எங்கே விடுவாங்க?"

"அதுக்காக இத விட்டுற முடியுமா டாக்டர்?"

"விடச் சொல்லலை. நிறுத்தினா மறுநாளே டாக்யார்டு கேட்ல மறைச்சு விக்கிறவன்கிட்ட வாங்குவாங்க. அதுல என்ன கலந்திருக்கும்னு அவனுக்கே தெரியாது. குறைச்சுக்கிட்டே வரச் சொல்லுங்க."

குறைக்கச் சொன்னேன். கெங்கம்மா குறைக்கத்தான் செய்தாள். கடையில் கிடைக்கிற அளவும் குறைந்துகொண்டே வந்தது. பிள்ளைகள் மத்தியானத்திலேயே விழித்துக்கொண்டு வீறிட ஆரம்பித்தன. ஏழெட்டும் ஒரே நேரத்தில் அழுதால் ஒருத்தி என்ன செய்வாள்? கஞ்சி ஊட்டுவாள், ஆட்டுவாள், ஒன்று தவழ்ந்து வெளியே போனால் பின்னாலேயே ஓடுவாள். ஓடிய பயத்தில் அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்காது. தாய்மார்கள் மத்தியானம் வந்து பால் கொடுக்கலாமென்றால் மேஸ்திரி விடமாட்டான். போனவள் போனவள்தான், நாளைக்கு வேலை கிடையாது. பிள்ளையைக் குடோனுக்கு எடுத்து வரவும் கூடாது. நானே போய் அந்த மேஸ்திரியிடம் சண்டை போட்டேன். "இது குடோனாம்மா, புள்ள வளக்கிற எடமா?" என்று கேட்டான். நாசமாய்ப் போக.

டாக்டர் பயந்தது நடந்துவிட்டது. மலர்க்கொடிக்குப் பொறுக்கவில்லை. துரை கத்தினால் கெங்கம்மா இனி அவனைப் பார்த்துக்கொள்ளமாட்டாளோ என்ற பயத்தில், டாக்யார்டு கேட்டண்டை ஒருத்தனிடம் அபின் உருண்டை வாங்கி, கெங்கம்மாவுக்குத் தெரியாமல் வீட்டிலேயே ஊட்டிவிட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். கெங்கம்மா அதன்மேல் தன் பங்கையும் வைத்தாள்.

பகல் பதினொரு மணி இருக்கும். கெங்கம்மா துரையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு வருகிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

"நர்சம்மா, இவன எயுப்பு! நீ இன்னா வேணா திட்டு, இவன எயுப்பு!"

டாக்டர் ஊசி போட்டார், மூச்சுக் கொடுத்தார். நானும் அவளும் மாறி மாறி உள்ளங்காலில் தட்டினோம், ஈரத்துணியால் துடைத்தோம், தூக்கிக்கொண்டு நடந்தோம். பொழுது சாயும் நேரத்தில் ஒரு ஈனக்குரல் வந்தது. மலர்க்கொடி ஓடிவந்து, உருண்டை ஊட்டியதைச் சொல்லி என் காலடியில் விழுந்தாள். அவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. கெங்கம்மா சுவரோரம் குந்தி, தன் சுண்டுவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும் வச்சேன் நர்சம்மா," என்றாள். "இதே வெரலாலதான் வச்சேன்."

அதற்குப் பிறகும் கெங்கம்மாவால் அளவைக் குறைக்க முடிந்ததே தவிர அடியோடு நிறுத்த முடியவில்லை. சில வாரத்தில் ஓர் ஆபீசர் வந்தார். எந்த வட்டாரத்தில் எத்தனை பேர் அபின் தின்கிறார்கள், பழக்கம் கூடுகிறதா குறைகிறதா என்று விசாரித்து அறிக்கை கொடுக்க வந்தவர். அதை வைத்துத்தான் கடைகளை எப்போது மூடுவதென்று மேலே தீர்மானிப்பார்களாம். மரியாதையான மனிதர், கிழவிகளைக்கூட வாங்க போங்க என்றுதான் பேசினார். டிஸ்பென்சரிக் கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை. கூப்பிட்டு அனுப்பினால் அந்தப் பெண்களெல்லாம் வந்தார்கள், இடுப்பில் பிள்ளையோடு. அவர்களிடம் கேட்டு எழுதுவதற்கு என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"உங்க வீட்ல யாராவது அபின் சாப்பிடறது உண்டா?"

"சீ, அந்தக் கருமம்லாம் எங்க வூட்ல கெடயாது சார்."

அடுத்தவளும் இதையே சொன்னாள். அதற்கடுத்தவளும். அவர் ஒவ்வொன்றாகக் கோடு போட்டுக்கொண்டே வந்தார். மலர்க்கொடி வந்தாள். தோளில் துரை தலை தொங்கத் தூங்குகிறான். அவளும் சத்தியம் பண்ணினாள், எங்கள் வீட்டில் யாரும் தொடமாட்டோம் என்று. எனக்குப் பொறுக்குமா?

"ஏளா, காலைல இவனுக்கு என்ன குடுத்த?"

"மருந்து."

"அது எதுல செஞ்சது?"

"அபின்ல."

"அப்போ?"

"இன்னா நர்சம்மா நீ, வெளயாட்றியா? தின்றவனத்தான கேக்கறாரு சாரு. புள்ளைக்கிக் குடுக்கறது மருந்துதான?"

அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆற்றாமையாகப் போயிற்று. அங்கே ஒருத்திகூடப் பொய் சொல்லவில்லை. நான் ஆபீசர் பக்கம் திரும்பினேன்.

"கேட்டீங்களா சார்? எழுதுங்க."

அவர் தாளைக் காட்டினார். "இருபத்தஞ்சு வயசுக்குக் கீழே யாருக்கும் பெர்மிட் கிடையாது சிஸ்டர். அதனால இதுல வயசுக் கட்டமே அங்கேருந்துதான் ஆரம்பிக்குது. கைவைத்தியமெல்லாம் இந்த விசாரணைல சேராது. இந்த வட்டாரத்துல பழக்கம் அநேகமா ஒழிஞ்சுபோச்சு. நாலஞ்சு கிழவங்க, இந்தக் கெங்கம்மா. இங்கே அடுத்த மாசமே கடையை மூடச் சொல்லி நாளைக்கு எழுதி முடிச்சுடறேன்."

அவர் சாப்பிடப் போனதும் நான் வெளியே வந்து தலையில் அடித்துக்கொண்டேன். கெங்கம்மா வேலியோரம் நின்றிருந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அடுத்த மாசம் கடை கெடயாதாம். எல்லாவளும் டாக்யார்டு கேட்டுக்குத்தான் ஓடப்போறாளுவ. ஒரு துரைய எழுப்பிட்டோம். எல்லாத்தையும் எழுப்ப முடியுமா?"

"புள்ளைங்கள அவுரு ஏன் எய்தல?"

"அதுக்குக் கட்டம் இல்லையாம்."

ஆபீசரின் மேசை இருந்த கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "கண்ணால பாத்தா எய்துவாரா?"

என்ன செய்யப்போகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. புரிந்திருந்தால் தடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

மறுநாள் காலை அவள் ஒரு பிள்ளைக்கும் மருந்து வைக்கவில்லை. வீட்டிலும் வைக்கக்கூடாது என்று தாய்மார்களிடம் முதல் நாளே சத்தியம் வாங்கியிருந்தாள். மத்தியானம் ஆபீசர் மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தபோது வெளியே ஒரே கூக்குரல். கெங்கம்மா இடுப்பில் ஒன்றும் தோளில் ஒன்றுமாக உள்ளே வந்தாள். மேசைமேல் இருந்த தாளை ஒதுக்கிவிட்டு அவற்றைக் கிடத்தினாள். திரும்பிப் போய் இன்னும் இரண்டைத் தூக்கி வந்தாள். கிழவிகள் இரண்டு பேர் மற்றதுகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்கள். மேசை போதாமல் தரையில் கோணியை விரித்தாள். பிள்ளைகள் வியர்த்து, நடுங்கி, காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு கத்தின. பசிக்கு அழுகிற அழுகை வேறு, இது வேறு. டாக்டர் தன் அறையிலிருந்து ஓடிவந்து ஒரு பிள்ளையின் கண்ணைத் திறந்து பார்த்தார். அவர் முகம் மாறிப்போயிற்று.

"எண்ணிக்கோ நைனா," என்றாள் கெங்கம்மா ஆபீசரிடம். "இதுங்கோதான் அபின் துன்றதுங்கோ. நான் துன்றதில்ல. நான் பொய் சொல்லி பெர்மிட்டு வாங்கினேன்."

ஆபீசர் எழுந்து நின்றுவிட்டார். "யார் குடுத்தது?"

தாய்மார்கள் யாரும் அங்கே இல்லை; குடோனில் இருந்தார்கள். பிள்ளையை வளர்க்கத் தெரியாதவர்கள் என்று அவர்கள்மேல் பழியைப் போட்டிருக்கலாம். ஆயிரம் சாக்குச் சொல்லியிருக்கலாம்.

"நான்தான். எல்லாத்துக்கும் நான்தான் வச்சேன்."

"இதுக்கு ஜெயில் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். போறேன். அதுக்கு மின்ன எண்ணு. இதுங்கள வுட்டுட்டு வேலைக்குப் போறதுக்கு அதுங்க அம்மாங்களுக்கு ஒரு எடம் காட்டு. வேலை செய்ற எடத்தாண்டயே ஒரு கொட்டாய் போதும். நடுவுல வந்து பால் குட்த்துட்டுப் போவட்டும். அது இல்லாம நீ கடைய மூடினா, அடுத்தவாட்டி வரசொல்லோ எண்றதுக்கு இதுங்க இருக்காது."

அந்த மனிதர் எண்ணினார். ஒவ்வொரு பிள்ளையாகத் தொட்டு, பேர் கேட்டு, எத்தனை மாதம் என்று கேட்டு, கட்டமில்லாத வெள்ளைத்தாளில் எழுதினார். துரைக்கு வந்தபோது அவன் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவர் விடுவித்துக்கொள்ளவும் இல்லை. இடது கையைக் கொடுத்துவிட்டு வலது கையால் எழுதினார்.

டாக்டர் அந்தப் பிள்ளைகளை டிஸ்பென்சரியிலேயே வைத்துக்கொண்டார். அபினை மிகச் சிறிய அளவில் அவரே கொடுத்து, அதையும் குறைத்துக்கொண்டே வந்து, நிறுத்தினார். நானும் கெங்கம்மாவும் ஆட்டினோம், துடைத்தோம், ஊட்டினோம். ஒரு பிள்ளையும் சாகவில்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் அந்த ஒரு மத்தியானம் அதுகள் பட்ட பாட்டை நான் இன்னும் மறக்கவில்லை. அவள் செய்தது சரியா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது.

பிறகு போலீஸ் வந்தது. ஆபீசர் எழுதியதை மறைக்க முடியாதே. பொய் சொல்லிப் பெர்மிட் வாங்கியதும் பிள்ளைகளுக்கு அபின் கொடுத்ததும் சேர்ந்து கேஸாகி, கெங்கம்மா சில மாதம் உள்ளே இருந்தாள். அவள் உள்ளே இருக்கும்போதே கொட்டகை வந்துவிட்டது. குழந்தைகளுக்கு இடம் செய்யாமல் இங்கே கடையை மூடக்கூடாது என்று ஆபீசர் அறிக்கையில் எழுதியிருந்தாராம். அதற்கு யார் யாரை நெருக்கினார்களோ, குடோன் மதிலை ஒட்டிக் கீற்றுக்கொட்டகை போட்டு, தூளி கட்டி, பால் கொடுக்க நடுவில் நேரமும் விட்டார்கள். பார்த்துக்கொள்ள ஓர் ஆயாவையும் வைத்தார்கள். அந்த வேலையைக் கெங்கம்மாவுக்குத் தரவேண்டுமென்று நான் படியேறி இறங்காத ஆபீஸ் கிடையாது. கேஸில் தண்டனை பெற்றவளை, அதுவும் பிள்ளைகளுக்கு அபின் கொடுத்தவளை, வைக்க முடியாது, கொட்டகைக்குள் விடவும் கூடாது என்றார்கள். அதில் நியாயம் இல்லையென்று என்னால் சொல்லவும் முடியவில்லை. அதனால்தான் இன்னும் ஆத்திரம் வந்தது.

வெளியே வந்த கெங்கம்மா அதே குடோனில் தானியம் கூட்ட வேலைக்குச் சேர்ந்தாள். ஒருநாள் நான் கொட்டகைக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போனேன். நடு இடைவேளை. தாய்மார்கள் உள்ளே பால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கெங்கம்மா மட்டும் தட்டிக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். தலைமுண்டெல்லாம் தவிட்டுத் தூசி.

"உள்ள வாயேம்ளா, யார் என்ன சொல்லுதான்னு நான் பாக்கேன்."

"வாணாம் நர்சம்மா. வரக்கூடாதுன்னு கீதுல்ல. எதுக்குப் பேஜாரு?"

"பின்ன எதுக்கு வெயில்ல நிக்க?"

உள்ளே ஒரு பிள்ளை வீறிட்டது. பால் குடித்து முடித்ததும் தாய் இறக்கிவிட்டாளோ என்னவோ, கொட்டகையே அதிரும்படி ஒரு கத்தல். அவள் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது தொரதான். எப்டி கத்தறான் கேட்டியா, பொறம்போக்கு! அந்தாண்ட போய் கேட்டாக்கூட கேக்கும்." பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுகியது. அதை அவள் துடைக்கவில்லை. "நல்லா முழிச்சிகினு கீறான் நர்சம்மா."

எனக்கும் அழுகை வந்தது. வெயிலென்று பார்க்காமல் அவள் பக்கத்தில் நின்றேன். சங்கு ஊதும்வரை இரண்டு பேரும் அங்கேயே நின்று துரை கத்துவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.